பொதுக்கிணறு திறந்திருக்கிறது, கயிறு யார் கையில்?

1924 ஆகஸ்டில் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுத் தெரு, பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம் இவற்றில் எந்தச் சாதியாரும் போகலாம், வரலாம், புழங்கலாம் என்பதே அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. அரசும் ஆணை போட்டது. காகிதத்தில் கிணறு திறந்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை ஆண்டுகள் நம் தாத்தாமார்கள் கிணற்றுமேட்டில் குடத்தோடு நின்று, யாராவது ஊற்றமாட்டார்களா என்று காத்திருந்தார்கள் என்பதை ஒவ்வொரு காலனியிலும் ஒரு பெரியவர் இன்னும் சொல்லுவார்.

ஆணை வேறு, கயிறு வேறு. கிணற்றைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. வாளியும் கயிறும் நம் கையில் இருக்க வேண்டும், இறைக்கிற தெம்பும் வேண்டும். இந்தப் பழைய பாடத்தை இன்று புதிதாக ஓரிடத்தில் பொருத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த இடம் கணினி மென்பொருள்.

மல்லசமுத்திரம் என்றால் பருத்தி ஏலம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். இன்று அதோடு பொறியியல் கல்லூரிப் பேருந்துகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பருத்தி எடுத்தவர்களின், தறி ஓட்டியவர்களின், ரிக் லாரியோடு மாதக்கணக்கில் வடநாடு போய்வருபவர்களின் பிள்ளைகள் இன்று கணினி அறிவியல் படிக்கிறார்கள். முதல் பட்டதாரிச் சலுகை, போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, அருந்ததியருக்கு 2009இல் கிடைத்த 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021 முதல் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு என்று போராடிப் பெற்ற படிகளில் ஏறி வந்த பிள்ளைகள் இவர்கள். 2024 ஆகஸ்டு 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு உள் ஒதுக்கீடு செல்லும் என்று சொன்னபோது நம் வளவுகளில் இனிப்பு கொடுத்தார்கள். நியாயமான மகிழ்ச்சி. ஆனால் இந்தப் படிகள் எல்லாம் கல்லூரி வாசலோடும் அரசு வேலையோடும் முடிகின்றன. மென்பொருள் வேலை தனியார் கையில் இருக்கிறது. அங்கே இடஒதுக்கீடு கிடையாது. அந்த வாசலில் நம் பிள்ளைகள் எதைக் கையில் கொண்டுபோய் நிற்பது?

எல்லோருக்குமான நிரல்

கணினிக்கு நாம் சொல்லும் கட்டளைகளின் தொகுப்புதான் நிரல். ஒரு நிறுவனம் நிரலை எழுதி, உள்ளே இருப்பதை யாருக்கும் காட்டாமல் பூட்டி, பயன்படுத்துவதற்கு மட்டும் காசு வாங்கலாம். இன்னொரு வழியும் உண்டு. எழுதிய நிரலை எல்லோரும் படிக்கலாம், ஓட்டிப் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று உரிமம் எழுதி வெளியில் வைப்பது. இதைக் கட்டற்ற மென்பொருள் என்றும் திறந்த மூல மென்பொருள் என்றும் சொல்கிறோம்.

1983இல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். 1989இல் அதற்கான பொது உரிமம் வந்தது. அந்த உரிமத்தில் ஒரு நிபந்தனை உண்டு: இதை எடுத்துத் திருத்தி மற்றவர்களுக்குக் கொடுப்பவர், தன் திருத்தத்தையும் அதே உரிமையோடு திறந்துவைக்க வேண்டும். பொதுச் சொத்தை எடுத்து வேலி போட்டுக்கொள்ள முடியாது. 1991இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் லினக்ஸ் கருவை எழுதி வெளியிட்டார். நம் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைபேசிக்குள் ஓடிக்கொண்டிருப்பது அந்த லினக்ஸின் வழிவந்ததுதான். கூலி வேலைக்குப் போகிறவர் கையிலும் அது இருக்கிறது, ஆட்சியர் கையிலும் இருக்கிறது.

கணக்கு நோட்டு

இந்த நிரலர்கள் கூடி வேலை செய்யப் பயன்படுத்தும் கருவிகளில் முக்கியமானது 'கிட்'. இதையும் டோர்வால்ட்ஸ்தான் 2005இல் எழுதினார். நம் ஊர் ஆட்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது.

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தறிப் பட்டறையில் முன்பணம் வாங்கியவர்களைக் கேளுங்கள். கணக்கு நோட்டு முதலாளியிடம் இருக்கும். எப்போது எவ்வளவு கழித்தார், எப்போது எதைக் கூட்டினார் என்பது அவருக்கு மட்டும் தெரியும். நோட்டு ஒருவர் கையில் இருக்கிறவரை, உழைத்தவருக்குத் தன் உழைப்பைக் காட்டச் சான்று கிடையாது.

கிட் என்பது எல்லோர் கையிலும் ஒரு பிரதி இருக்கும் கணக்கு நோட்டு. எந்த வரியை யார் எழுதினார், எந்த நாள் எழுதினார், யார் திருத்தினார், ஏன் திருத்தினார் என்பது அத்தனையும் அதில் பதிந்திருக்கும். வேலையில் சேர்ந்திருக்கும் ஒவ்வொருவரும் முழு வரலாற்றையும் தன் கணினியில் வைத்திருப்பார். யாரோ ஒருவர் இரவோடு இரவாகப் பழைய பக்கத்தைக் கிழித்தால் மற்றவர்களின் பிரதி காட்டிக்கொடுத்துவிடும். கிட்ஹப் போன்ற இடங்களில் இந்த நோட்டைப் பொதுவில் வைக்கலாம். ஒரு மாணவர் அனுப்பும் திருத்தத்தை ஏற்றார்களா, மறுத்தார்களா, மறுத்ததற்கு என்ன காரணம் சொன்னார்கள் என்பதும் எல்லோரும் பார்க்கும்படி இருக்கும்.

நம் பிள்ளைகளுக்கு இது ஏன் முக்கியம்? நேர்காணல் அறைக்குள் நடப்பதற்குச் சாட்சி கிடையாது. "சொந்த ஊர் எது? அப்பா என்ன செய்கிறார்? ஊரில் எந்தத் தெரு?" என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி இல்லாததால், சுற்றிவளைத்து இப்படித்தான் நூல் பிடிப்பார்கள். பெயரே போதும் என்பதற்கு ஆய்வும் உண்டு. சுகதேவ் தோரட், பால் அட்டிவெல் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதி உள்ள விண்ணப்பங்களை உயர்சாதிப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர் என்று மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். தலித், முஸ்லிம் பெயர்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. அதே காலத்தில் சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் இருவரும் வேலைக்கு ஆள் எடுக்கும் அதிகாரிகளிடம் பேசியபோது, 'குடும்பப் பின்னணி' பார்ப்போம் என்பதை அவர்கள் கூச்சமில்லாமல் சொன்னார்கள். குடும்பப் பின்னணி என்று எதைச் சொல்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாதா?

பொதுவில் பதிந்த உழைப்பு இந்தக் கேள்விகளுக்கு ஒரு பதில். "என் அப்பா யார் என்பது இருக்கட்டும், நான் எழுதிய நிரல் இதோ" என்று காட்டலாம்.

எல்காட்டில் ஒரு தலித் அதிகாரி

தமிழ்நாட்டில் லினக்ஸின் கதையைச் சொல்லும்போது விட்டுவிடக் கூடாத பெயர் சி.உமாசங்கர். தலித் சமூகத்திலிருந்து 1990ஆம் ஆண்டுத் தொகுப்பில் ஐஏஎஸ் ஆனவர். 90களில் மதுரையில் பணியாற்றியபோது சுடுகாட்டுக் கூரை ஊழலை வெளிக்கொண்டுவந்தவர். பிறகு திருவாரூர் ஆட்சியராக இருந்தபோது, நில ஆவணம் முதல் ஓய்வூதியம் வரை கணினியில் ஏற்றி, அந்தச் சின்ன மாவட்டத்தை மின் ஆளுமைக்கு நாடே எடுத்துக்காட்டாகச் சொல்லும்படி செய்தார். பட்டா நகலுக்கு அலுவலக வாசலில் நாள்கணக்கில் கிடப்பவர் யார், இடையில் கைநீட்டுபவர் யார் என்பதை நினைத்தால், அந்தக் கணினிமயம் யாருக்கு உதவியது என்பது விளங்கும்.

அடுத்து, அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் மேலாண் இயக்குநராக இருந்தபோது, அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றினார். பள்ளிகளுக்கு வாங்கிய கணினிகளிலும் லினக்ஸ் ஏறியது. உரிமக் கட்டணமாக வெளிநாட்டு நிறுவனத்துக்குப் போகும் மக்கள் வரிப்பணம் மிச்சமாகும் என்பதை வெளிப்படையாகப் பேசினார்.

2010 ஜூலையில், போலிச் சாதிச் சான்றிதழ் கொடுத்து வேலைக்குச் சேர்ந்தார் என்ற குற்றச்சாட்டில் அவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். இருபது ஆண்டு பணிக்குப் பிறகு எழுந்த கேள்வி இது. தலித் அமைப்புகளும் மனித உரிமை அமைப்புகளும் தெருவில் இறங்கின. அடுத்த மாதமே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அவருடைய பிற்காலக் கருத்துகளில் நமக்கு உடன்பாடு இல்லாதவை இருக்கலாம். ஆனால் பள்ளிக் கணினியில் லினக்ஸ் வந்ததில் ஒரு தலித் அதிகாரியின் கை இருந்தது என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

2011இல் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அந்தக் கணினிகளில் இருந்தது. வகுப்பில் அதைச் சொல்லித்தந்தவர் எத்தனை பேர்? நாம் பார்த்த வரையில், மடிக்கணினி வாங்கிய பல மாணவர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கணினிப் பாடமே கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கிறது. பாடத்திட்டமும் ஆசிரியர் பயிற்சியும் சேர்ந்து வந்ததால் அங்கே வேர் பிடித்தது.

அங்கேயும் சாதி

இவ்வளவையும் சொன்னதால் கணினி உலகம் சாதி தீண்டாத உலகம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

2020 ஜூன் 30 அன்று கலிபோர்னியா மாநில அரசு, சிஸ்கோ என்ற பெரிய நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. ஐஐடியில் படித்த ஒரு தலித் பொறியாளர், இந்திய ஆதிக்கசாதி மேலாளர்களால் ஒதுக்கப்பட்டார் என்பது புகார். அவர் ஐஐடியின் முதன்மைப் பட்டியலில் வந்தவர் இல்லை என்று மேலாளர் சக ஊழியர்களிடம் சொன்னதிலிருந்து தொடங்கியது என்கிறது வழக்கு. நிறுவனம் மறுத்தது. 2023 ஏப்ரலில் மேலாளர்கள் இருவர் மீதான வழக்கை அரசு திரும்பப் பெற்றுக்கொண்டு, நிறுவனத்தின் மீதான வழக்கைத் தொடர்ந்தது. தீர்ப்பு எதுவானாலும், அமெரிக்க நீதிமன்ற ஆவணத்தில் 'சாதி' என்ற சொல் ஏறிவிட்டது. ஆப்பிள் நிறுவனம் தன் ஊழியர் நடத்தை விதிகளில் சாதியைச் சேர்த்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் அது. அதே ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியாச் சட்டமன்றம் நிறைவேற்றிய இதேபோன்ற மசோதாவை ஆளுநர் கையெழுத்திடாமல் திருப்பிவிட்டார்.

2022 ஏப்ரலில் தேன்மொழி சவுந்தரராஜன் கூகுள் நிறுவனத்தில் சாதி பற்றிப் பேசுவதாக இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து போன தலித் குடும்பத்துப் பெண் அவர். சில ஊழியர்கள் எதிர்ப்புக் கிளப்ப, கூட்டம் ரத்தானது. ஏற்பாடு செய்த மேலாளர் தனுஜா குப்தா வேலையை விட்டு விலகினார்.

திறந்த மூலச் சமூகங்களும் ஆளைப் பார்ப்பதுண்டு. கிட்ஹப்பில் அனுப்பப்பட்ட திருத்தங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், புதிதாக வரும் பெண்களின் திருத்தங்கள், அவர்கள் பெண் என்று தெரியாதபோது அதிகமாகவும் தெரிந்தபோது குறைவாகவும் ஏற்கப்பட்டது வெளிப்பட்டது. அதே ஆண்டு கிட்ஹப் எடுத்த கணக்கெடுப்பில் பதில் சொன்னவர்களில் 95 விழுக்காட்டினர் ஆண்கள், 3 விழுக்காட்டினர் பெண்கள். கதவு திறந்திருக்கிறது என்பதற்காக எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள் என்று பொருளில்லை.

சொற்களையும் கவனிக்க வேண்டும். ஒரு கருவி இன்னொன்றை இயக்குவதை 'மாஸ்டர்', 'ஸ்லேவ்', அதாவது எசமான், அடிமை என்று நிரலர்கள் பல காலம் எழுதிவந்தார்கள். 2020இல் கறுப்பின மக்களின் போராட்டம் வெடித்தபோது, லினக்ஸ் சமூகம் அந்தச் சொற்களைத் தவிர்க்கச் சொல்லி விதி செய்தது. கிட்ஹப் தன் முதன்மைக் கிளையின் பெயரை 'மாஸ்டர்' என்பதிலிருந்து 'மெயின்' என்று மாற்றியது. நல்ல காரியம். நம் பறையர் சமூகத்தின் பெயரிலிருந்து எடுத்த 'பரையா' என்ற சொல்லை, ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் ஆங்கிலப் பத்திரிகைகள் இன்றும் கூசாமல் எழுதுகின்றன. அதைக் கேள்வி கேட்க, அந்த அறைகளுக்குள் நம் ஆட்கள் இருக்க வேண்டும்.

பட்டமும் வேலையும் உயிரைக்கூடக் காப்பதில்லை என்பதை இந்த மண் பார்த்திருக்கிறது. பொறியியல் படித்த கோகுல்ராஜ் 2015 ஜூனில் திருச்செங்கோடு கோயிலிலிருந்து கடத்தப்பட்டு, பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் பிணமாகக் கிடந்தார். 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மறு ஆண்டு உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பத்தாண்டு கழித்து, 2025 ஜூலையில், சென்னையில் மென்பொருள் பொறியாளராக இருந்த கவின் செல்வகணேஷ் பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்டார். படித்து முன்னேறினால் சாதி தானாக ஒழியும் என்று நமக்கு அறிவுரை சொல்பவர்கள் இந்த இரண்டு தாய்மாரிடம் போய் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

கயிறு இல்லாத கைகள்

திறந்த மூலத்தில் பங்களிக்க மூன்று வேண்டும்: கணினி, ஆங்கிலம், கூலியில்லாமல் செலவிட நேரம். நம் பிள்ளைகளிடம் மூன்றும் குறைவு. கல்லூரி விட்டு வந்து இரவு தறிக்கு நிற்கும் பையனிடம், "சம்பளமில்லாமல் ஆறு மாதம் நிரல் எழுது, பிறகு பெயர் வரும்" என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. கூலியில்லா உழைப்பு நமக்குப் புதிதும் இல்லை. வெட்டி வேலை என்று பரம்பரையாகச் செய்து வந்ததுதான்.

ஆகவே, உதவித்தொகை தரும் வழிகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். கூகுள் 2005 முதல் நடத்தும் 'சம்மர் ஆஃப் கோட்' திட்டத்தில் திறந்த மூல அமைப்புகளுக்கு வேலை செய்பவர்களுக்குத் தொகை உண்டு. 'அவுட்ரீச்சி' என்ற பயிற்சித் திட்டம், தன் நாட்டுத் தொழில்நுட்பத் துறையில் பாகுபாட்டைச் சந்திப்பவர்களை வெளிப்படையாக அழைக்கிறது. மூன்று மாதம், 7,000 டாலர் உதவித்தொகை, வீட்டிலிருந்தே வேலை. விண்ணப்பத்தில், நீங்கள் சந்தித்த பாகுபாட்டை எழுதச் சொல்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு எழுத விஷயமா இல்லை?

மென்பொருள் வேலையை மிகைப்படுத்திக் கனவு விற்பதும் தவறு. 2025 ஜூலையில் டிசிஎஸ் நிறுவனம் 12,000க்கும் மேற்பட்டோரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் தொடக்கநிலை நிரல் வேலையைத் தின்னத் தொடங்கியிருக்கின்றன. கடைசியாக உள்ளே போனவர்கள் முதலில் வெளியே வருவார்கள். பயிற்சி மையத்தில் மனப்பாடம் செய்த நிரல் இனி உதவாது. அடிப்படை தெரிந்து, அடுத்தவர் நிரலைப் படித்துப் பிழை கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கே இடம் இருக்கும். அதைக் கற்க, திறந்த மூலத்தைவிடப் பெரிய பள்ளிக்கூடம் இல்லை. கட்டணமும் கிடையாது.

வழி காட்டியவர்கள்

பெங்களூரில் ஒரு குடிசைப் பகுதியில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் அம்பேத்கர் பெயரில் சமுதாயக் கணினி மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். பழைய கணினிகள், கட்டற்ற மென்பொருள், வார இறுதியில் வந்து சொல்லித்தரும் பொறியாளர்கள். அந்தக் குடிசைப் பிள்ளைகள் 'கிம்ப்' என்ற கருவியில் வரைந்த படங்கள் கண்காட்சிக்குப் போயின. விழுப்புரத்தில் குனூ லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமப்புற மாணவர்களுக்கு இலவசமாகப் பயிற்சி தருகிறார்கள். த.சீனிவாசனும் நண்பர்களும் 2012இல் தொடங்கிய 'கணியம்' இதழ் இந்த விஷயங்களைத் தமிழிலேயே எழுதுகிறது. து.நித்யா 'எளிய தமிழில்' என்ற வரிசையில் எழுதிய நூல்களை யாரும் இலவசமாக இறக்கிப் படிக்கலாம். ஆங்கிலம் வந்த பிறகுதான் கணினி என்று காத்திருக்க வேண்டியதில்லை.

நமக்கு இது புது மரபும் இல்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழை நடத்தினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அன்றைய புதிய கருவி அச்சு. அடுத்தவர் அச்சடித்துத் தருவதை வாசித்துக்கொண்டிருக்காமல், எழுத்தைத் தாமே கோத்து அச்சேற்றி, ஒரு பைசாவுக்கு விற்றார்கள். இன்றைய அச்சுக்கூடம் நிரல்.

நாம் கேட்பது

முதலாவது, ஆதிதிராவிடர் குடியிருப்புகளின் அடிப்படை வசதிக்காக 1,000 கோடி ரூபாயில் அயோத்திதாசப் பண்டிதர் பெயரில் ஒரு திட்டத்தை அரசு அறிவித்திருக்கிறது. சாலை, விளக்கு, குடிநீரோடு ஒவ்வொரு குடியிருப்பின் சமுதாயக் கூடத்திலும் இணைய வசதியுள்ள ஒரு கணினி அறையை அதில் சேர்க்க வேண்டும். லினக்ஸ் போட்டால் உரிமச் செலவு இல்லை. பேரூராட்சியிலும் கிராம சபையிலும் இதைத் தீர்மானமாகக் கொடுப்போம். ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் இதுவே வேண்டும்.

இரண்டாவது, தாட்கோ, நான் முதல்வன் பயிற்சிகளில் கிட், லினக்ஸ், திறந்த மூலப் பங்களிப்பு ஆகியவை பாடமாக வேண்டும். சான்றிதழோடு முடியாமல், பொதுவில் பதிந்த வேலையோடு மாணவர் வெளியே வர வேண்டும்.

மூன்றாவது, தனியார் துறையில் இடஒதுக்கீடு. இந்தக் கோரிக்கையைத் திறந்த மூலம் ஈடுசெய்யாது. கருவியும் வேண்டும், சட்டமும் வேண்டும்.

தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டு மூலையில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ கொடுத்த அரசு மடிக்கணினி கிடக்கும். விண்டோஸ் ஓடாத அளவுக்குப் பழையதானாலும், எடை குறைந்த லினக்ஸ் வகைகள் 2 ஜிபி நினைவகத்திலும் ஓடும். அதுவும் இல்லையென்றால், கைபேசியில் 'டெர்மக்ஸ்' என்ற இலவசச் செயலியைப் போட்டு, அதிலேயே கிட்டும் பைத்தானும் பழகலாம். முதல் பங்களிப்பு நிரலாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு மென்பொருளின் சொற்களைத் தமிழாக்குவதும், பிழை ஒன்றைக் கண்டு தெளிவாக எழுதி அனுப்புவதும் பங்களிப்புதான். ஐந்து பேராகச் சேருங்கள். வாரம் ஒரு நாள் சமுதாயக் கூடத்திலோ நூலகத்திலோ உட்காருங்கள். எழுதியதை உங்கள் பெயரோடு, பெண்பிள்ளைகள் பெயரோடும், அந்தப் பொது நோட்டில் பதிந்து வையுங்கள். அதை அழிக்க எந்தப் பண்ணையாராலும் முடியாது.